1964-ல் பிறந்தது ஓடுது, 2005-ல் பிறந்தது காலி! ரோலர் கோஸ்டர்களுக்கு யார் நாள் குறிக்கிறார்கள்?

2025 பிப்ரவரி 28, காலை நேரம். அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணத்தில் உள்ள ஜாக்சனில் வரிசையாக வெடிகள் வெடித்தன. 456 அடி உயரமுள்ள பச்சை நிற இரும்புக் கோபுரம் ஒன்று சில நொடிகளில் சரிந்து தரையோடு தரையானது.

அதன் பெயர் 'கிங்டா கா'. சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவின் அடையாளமே அதுதான். 2005 மே மாதம் திறந்தபோது உலகின் மிக உயரமான, மிக வேகமான ரோலர் கோஸ்டர். வேகப் பட்டம் 2010-ல் அபுதாபிக்குப் போனாலும், உயரப் பட்டத்தைக் கடைசி நாள் வரை யாராலும் பறிக்க முடியவில்லை. அப்படிப்பட்ட ஒன்றை 20 வருஷம்கூட முடிவதற்குள் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம், ரசிகர்களை ரொம்பவே கோபப்படுத்தியது. கிங்டா கா கடைசியாக ஓடியது 2024 நவம்பர் 10. அதை நிரந்தரமாக மூடும் அறிவிப்பு வந்தது நவம்பர் 14. அதாவது, கடைசி ட்ரிப்பில் ஏறியவர்களுக்கு அதுதான் கடைசி என்றே தெரியாது. டாட்டா காட்டக்கூட வாய்ப்பு தரவில்லை.

அங்கிருந்து சுமார் 700 கிலோமீட்டர் மேற்கே, ஒஹாயோ மாகாணத்தின் சீடர் பாயின்ட் பூங்காவில் 'ப்ளூ ஸ்ட்ரீக்' என்ற மர ரோலர் கோஸ்டர் இருக்கிறது. 1964-ல் கட்டப்பட்டது. அதே பூங்காவில் 1912-ல் செய்யப்பட்ட குதிரை ராட்டினம் ஒன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு பூங்காக்களும் இப்போது ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன.

தாத்தா ஓடுகிறார், பேரன் போய்ச் சேர்ந்துவிட்டான். எப்படி?

அந்த மூன்றரை விநாடி

கிங்டா காவின் மொத்தக் கவர்ச்சியும் அதன் முதல் மூன்றரை விநாடியில் இருந்தது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம். பிறகு செங்குத்தாக ஏற்றம், செங்குத்தாக இறக்கம். ஒரு நிமிஷத்துக்குள் கதை முடிந்துவிடும்.

அந்த மூன்றரை விநாடிக்குப் பின்னால் நடக்கும் வேலை லேசானது இல்லை. பம்புகள் எண்ணெயை அழுத்தி அழுத்தி, பெரிய உருளைகளில் உள்ள நைட்ரஜன் வாயுவை நெருக்கிவைக்கும். கவணை இழுத்துப் பிடிப்பது போலத்தான். விட்டதும் அந்த அழுத்தம் மொத்தமும் ஹைட்ராலிக் மோட்டார்களுக்குப் பாயும். மோட்டார்கள் ஒரு பெரிய உருளையைச் சுற்றும், உருளை இரும்புக் கயிற்றை இழுக்கும், கயிறு ரயிலை இழுக்கும். ரயில் பறந்ததும் கயிறு திரும்பி வர வேண்டும், எண்ணெய் திரும்ப ஏற வேண்டும், அடுத்த ரயிலுக்குத் தயாராக வேண்டும். கூட்டமான கோடை நாளில் நாள் முழுக்க இதே வேலைதான்.

கயிறு தேயும், சீல் கசியும், பம்பு சூடாகும். கொஞ்சம் வேகம் குறைந்தாலும் ரயில் உச்சியைத் தாண்டாமல் பின்னோக்கி வழுக்கி வந்துவிடும். அதைப் பிடிக்கக் காந்த பிரேக்குகள் உண்டு, ஆபத்து இல்லை. சில ரசிகர்கள் அந்த அனுபவத்துக்காகவே தவம் கிடந்தது தனிக்கதை.

திறந்த சில வாரங்களிலேயே கிங்டா காவின் இழுவைக் கயிற்றுப் பகுதியில் ஒரு போல்ட் உடைந்து, 2005 ஆகஸ்ட் வரை ரைடு மூடிக்கிடந்தது. 2009-ல் மின்னல் தாக்கி மறுபடியும் மாதக்கணக்கில் நிறுத்தம். மழை பெய்தால் ஓடாது, பலத்த காற்று அடித்தாலும் ஓடாது. பூங்காவுக்கு வருபவர் முதலில் பார்க்க விரும்பும் ரைடும் அதுதான், 'இன்று இயங்காது' பலகை அடிக்கடி தொங்கும் ரைடும் அதுதான். இந்த எரிச்சலை எந்த விளம்பரத்தாலும் சரிக்கட்ட முடியாது.

பலரும் நினைப்பதுபோல 'பழசாகிவிட்டது, அதனால் எடுத்தார்கள்' என்பது இங்கே பொருந்தவில்லை. இரும்புக் கோபுரம் இன்னும் பல வருஷம் நின்றிருக்கக்கூடியதுதான். சோர்ந்துபோனது அதைத் தள்ளிவிட்ட இயந்திரம்.

ஒரே வியாதி, ரெண்டு வைத்தியம்

கிங்டா காவுக்கு ஓர் அண்ணன் உண்டு. சீடர் பாயின்டில் 2003-ல் திறந்த 'டாப் த்ரில் டிராக்ஸ்டர்'. அதே இன்டமின் நிறுவனத்தின் தயாரிப்பு, அதே எண்ணெய்-கயிறு தொழில்நுட்பம், 420 அடி உயரம், செலவு இரண்டரைக் கோடி டாலர். 400 அடியைத் தாண்டிய உலகின் முதல் ரோலர் கோஸ்டர் அது.

2021 ஆகஸ்ட் 15 அன்று, ஓட்டத்தின் முடிவில் ரயிலிலிருந்து ஓர் இரும்புத் துண்டு கழன்று பறந்தது. கீழே வரிசையில் காத்திருந்த பெண் ஒருவரின் தலையில் அது பட்டு, மூளையில் கடுமையான காயம். அவர் ரைடில்கூட ஏறவில்லை, வெறுமனே முறைக்காக நின்றிருந்தார். விதிமீறல் நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று மாகாண அரசின் விசாரணை முடிந்தது. ஆனால் டிராக்ஸ்டர் அதன்பின் அந்த வடிவில் ஓடவே இல்லை. 2022 செப்டம்பரில் அதற்கு ஓய்வு அறிவிக்கப்பட்டது.

சீடர் பாயின்ட் அதை இடிக்கவில்லை. கோபுரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எண்ணெயும் கயிறும் கொண்ட பழைய இதயத்தை மட்டும் அகற்றியது. பதிலுக்கு வந்தது மின்காந்த உந்துவிசை. பாதையோரம் வரிசையாக மின்சுருள்கள், ரயிலில் உலோகத் தகடுகளோ காந்தங்களோ. ஒன்றையொன்று தொடாமலே தள்ளும் ஏற்பாடு இது. தொடாத இடத்தில் தேய்மானம் ஏது?

ஒரே தள்ளில் 193 கிலோமீட்டர் வேகம் எட்டுவது இந்த முறையில் அவ்வளவு சுலபம் இல்லை. அதனால் மூன்று தவணையாகப் பிரித்தார்கள். முதலில் முன்னோக்கி 119 கி.மீ. வேகம், பாதி ஏறித் திரும்பும். அடுத்து பின்னோக்கி 162 கி.மீ. வேகம், இதற்காகவே பின்னால் கட்டிய இன்னொரு 420 அடிக் கோபுரத்தில் ஏறி இறங்கும். மூன்றாவது தள்ளில் 193 கி.மீ. வேகத்தில் உச்சியைத் தாண்டிவிடும். பெயர் 'டாப் த்ரில் 2'. வேலையைச் செய்தது இத்தாலியின் சாம்பெர்லா நிறுவனம்.

2024 மே 4 அன்று கோலாகலமாகத் திறந்தார்கள். மே 12-ல் மூடினார்கள். ரயில் பெட்டிகளில் உற்பத்தியாளர் மாற்றம் செய்ய வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்த ஆண்டு முழுக்க அது திறக்கவே இல்லை. அதை நம்பி சீசன் பாஸ் வாங்கியவர்கள், பாவம், 420 அடி உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். 2025-ல்தான் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

இந்தக் காலக்கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். 2024 ஜூலை 1 அன்று சீடர் பாயின்டின் தாய் நிறுவனமான சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் ஒன்றாக இணைந்தன. 27 பொழுதுபோக்குப் பூங்காக்கள், 15 நீர்ப் பூங்காக்கள் ஒரே குடையின் கீழ் வந்தன. அந்தக் குடையின் கீழ் அண்ணனும் தம்பியும் சேர்ந்த நேரத்தில், அண்ணனுக்குச் செய்த அறுவை சிகிச்சை பல் இளித்துக்கொண்டிருந்தது. அடுத்த நான்கரை மாதத்தில் தம்பிக்கு இடிப்பு அறிவிப்பு. அதுதான் காரணம் என்று நிறுவனம் சொல்லவில்லை. கிங்டா கா இருந்த இடத்தில் பல உலக சாதனைகளை முறியடிக்கும் புதிய ரைடு வரும் என்று மட்டும் சொன்னது. ஆனால் கையைச் சுட்டுக்கொண்டவர் அதே அடுப்பில் மறுபடியும் கை வைக்க யோசிப்பது இயல்புதானே?

மரத்துக்கு ஆயுசு கெட்டி

சரி, ப்ளூ ஸ்ட்ரீக் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

அதன் உயரம் 78 அடிதான். வேகமும் நம் நெடுஞ்சாலை பஸ் வேகம்தான். சங்கிலி ஒன்று ரயிலை மேலே இழுத்து விட்டுவிடும், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். மர ரோலர் கோஸ்டரில் பாதை என்பது அடுக்கடுக்காக வைத்த பலகைகள், மேலே ஒரு மெல்லிய இரும்புப் பட்டை. பூங்கா மூடியிருக்கும் குளிர்காலத்தில் தச்சர்கள் வந்து, தேய்ந்த பகுதியை மட்டும் பிரித்துப் புதுப் பலகை அடிப்பார்கள். அடுத்த வருஷம் வேறு பகுதி. கோயில் தேர் மாதிரி யோசித்துப் பாருங்கள். அச்சு மாறும், சக்கரம் மாறும், கால் மாறும். ஆனாலும் ஊருக்கு அது அதே பழைய தேர்தான்.

இதற்கு வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும் ஸ்பெஷல் பாகம் தேவையில்லை, மரமும் தெரிந்த கையும் போதும். பழைய ரைடுகளின் நீண்ட ஆயுளுக்கு ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இந்தச் சாதாரணத்தனம்தான். போன தலைமுறையின் சாகச ரைடுகள் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய கையால் செய்த ஒற்றை இயந்திரம். பாகம் செய்பவர் அந்தத் தொழில்நுட்பத்தைக் கைவிட்டால் ரைடு அநாதை.

மரம் என்றாலே பிழைக்கும் என்றும் சொல்ல முடியாது. அதே சீடர் பாயின்டில் 1991-ல் கட்டிய 'மீன் ஸ்ட்ரீக்' 161 அடி உயரம். மரத்துக்கு அது பேராசை. வருஷம் ஏற ஏறக் குலுங்கல் தாங்க முடியாமல் போய், ஏறியவர்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். 2016-ல் மூடினார்கள். ஆனால் எரித்துவிடவில்லை! ராக்கி மவுன்டைன் கன்ஸ்ட்ரக்ஷன் என்ற நிறுவனம் மரச் சட்டகத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு, மேலே இரும்புப் பாதை போட்டது. 2018-ல் 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' ஆகத் திரும்பி வந்தது. 205 அடி, நான்கு தலைகீழ்ச் சுற்று. ரசிகர்களின் தரவரிசைகளில் அது இன்று உச்சியில் நிற்கிறது. பழைய ரைடை மாற்றிக் கட்டுவது என்றால் எல்லோரும் காட்டும் உதாரணம் இதுதான்.

நின்றபடி பயணிக்கும் ரோலர் கோஸ்டர்கள் விஷயத்திலும் இதே இரட்டை விதி. சீடர் பாயின்டில் 1996-ல் வந்த 'மேன்டிஸ்' அந்த ரகம். ஃபேஷன் மாறியதும், பாதையை அப்படியே வைத்து ரயிலை மட்டும் மாற்றி, 2015-ல் உட்கார்ந்து போகும் 'ருகாரு' ஆக்கிவிட்டார்கள். கென்டக்கியில் 1997-ல் பிறந்து, 2011-ல் நியூஜெர்சிக்கு இடம் மாறிய 'கிரீன் லேன்டர்ன்' என்ற நின்றபடி பயணிக்கும் ரைடுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கிங்டா காவின் அறிவிப்பிலேயே அதன் பெயரும் இருந்தது. 1974-ல் பூங்கா பிறந்தபோதே வந்த 'ஸ்கை வே' ரோப் கார் உட்பட இன்னும் மூன்று பெயர்களும்.

ஒன்று வரணும்னா ஒன்று போகணும்

சீடர் பாயின்டுக்கு வேறொரு நெருக்கடியும் உண்டு, அது பூகோளம். ஈரி ஏரிக்குள் நீண்டிருக்கும் ஒரு தீபகற்பத்தில் 1870-ல் குளியல் கடற்கரையாகத் தொடங்கிய இடம் அது. சுற்றிலும் தண்ணீர். 364 ஏக்கரை 365 ஆக்க வழியில்லை. புதிதாக எது வந்தாலும் ஏதோ ஒன்றின் மேல்தான் வர வேண்டும்.

2013-ல் 'கேட்கீப்பர்' வருவதற்காக 1965-ன் சுழல்கோபுரமும், 'டிசாஸ்டர் டிரான்ஸ்போர்ட்' என்ற இருட்டறை ரைடும் போயின. 2007-ல் 'மேவரிக்' வந்த இடத்தில் முன்பு இருந்தது ஒரு தண்ணீர் ரைடு. எல்லா மாற்றமும் இப்படி லாபத்தில் முடிவதில்லை. 2010-ல் ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவழித்துக் கட்டிய 'ஷூட் த ரேபிட்ஸ்' தண்ணீர் ரைடில், 2013-ல் ஒரு படகு பின்னோக்கி வழுக்கிக் கவிழ்ந்தது. ஏழு பேருக்குக் காயம். 2015-க்குப் பிறகு அந்த ரைடே இல்லை. ஆறே சீசன்! பக்கத்தில் 1963-ன் நீராவி ரயில் இன்னும் புகைவிட்டுக்கொண்டு போகிறது.

கண்ணுக்குத் தெரியாத துரு

அப்படியென்றால் வயதைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும். வேறு ஒரு காரணத்துக்காக.

2017 ஜூலை 26 அன்று அதே ஒஹாயோவின் மாகாணக் கண்காட்சியில் 'ஃபயர் பால்' என்ற ஊசல் ராட்டினத்தின் ஒரு கை, ஓடிக்கொண்டிருக்கும்போதே முறிந்தது. 18 வயது இளைஞர் ஒருவர் அந்த இடத்திலேயே இறந்தார், ஏழு பேர் காயமடைந்தனர். ராட்டினத்துக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். இருக்கைகளைத் தாங்கும் உத்திரத்தின் உட்பக்கத்தில் துரு அளவுகடந்து அரித்திருந்தது என்று தயாரிப்பு நிறுவனம் கண்டறிந்தது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. கண்காட்சி தொடங்கும் முன் சோதனையும் நடந்திருந்தது.

ப்ளூ ஸ்ட்ரீக்கின் பலகை தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், தட்டிப் பார்த்தால் சத்தம் சொல்லும். மூடிய இரும்புக் குழாய்க்குள் நடப்பது அப்படித் தெரியாது. மீயொலிச் சோதனை, கதிர்ப்படச் சோதனை எல்லாம் செய்ய வேண்டும். அதற்குப் பணமும் நேரமும் ஆளும் தேவை. அந்த விபத்துக்குப் பிறகு ஒஹாயோ தன் சட்டத்தை இறுக்கியது. அரிப்பு, உலோகச் சோர்வு ஆகியவற்றுக்கான விதிகள் வந்தன, பராமரிப்புப் பதிவேடுகள் கட்டாயமாயின.

ஆனால் இது ஒரு மாகாணத்தின் சட்டம். அமெரிக்க மத்திய அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஊர் ஊராகப் போகும் ராட்டினங்களை மட்டுமே கண்காணிக்கலாம். நிரந்தரப் பூங்காக்களை அதன் கையிலிருந்து 1981-லேயே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். அதனால் பழைய ரைடை யார் சோதிப்பது, எத்தனை முறை சோதிப்பது என்பது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஒஹாயோவில் அந்தப் பொறுப்பு எந்தத் துறையிடம் இருக்கிறது தெரியுமா? விவசாயத் துறை! பொருட்காட்சிகளும் சந்தைகளும் அவர்கள் பொறுப்பில் இருந்த காலத்தின் மிச்சம்.

ரைடுக்குப் பதில் ரைடு... பூங்காவுக்குப் பதில்?

இணைந்த புதிய நிறுவனத்தின் தோளில் சுமார் 500 கோடி டாலர் கடன் இருக்கிறது. எந்தப் பூங்காவில் பணம் போடலாம், எதைக் கைகழுவலாம் என்று கணக்குப் பார்க்கும் நிலை. கிங்டா காவைப் போன்ற ஒரு ரைடை எடுப்பது அந்தக் கணக்கில் சின்ன வரி. பெரிய வரி, நிலம்.

கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில், சிலிக்கான் வேலியின் நடுவில் 1976 முதல் இருக்கும் 'கிரேட் அமெரிக்கா' பூங்காவின் நிலம் 2022-லேயே விற்கப்பட்டுவிட்டது. வாங்கியது ப்ரொலாஜிஸ் என்ற கிடங்கு நிறுவனம், விலை சுமார் 31 கோடி டாலர். பூங்கா இப்போது வாடகைக்குத்தான் ஓடுகிறது, அதிகபட்சம் 2033 வரை. அப்படிப்பட்ட இடத்தில் யார் புது ரோலர் கோஸ்டர் கட்டுவார்கள்? பூங்காவுக்கு வருபவர்கள் ரைடு மாறவில்லையே என்று குறைபட்டுக்கொள்வார்கள். மாறாததற்கான காரணம் பத்திரப் பதிவில் இருக்கிறது.

வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில், மேரிலாண்டில் இருந்த 'சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா'வின் கதை இன்னும் நேரடியானது. 2025 மே மாதம் அறிவித்து, நவம்பர் 2 அன்று பூங்காவையே மூடிவிட்டார்கள். சுமார் 500 ஏக்கர் நிலம் விற்பனைக்கு. அங்கே கோடைதோறும் முதல் வேலை பார்த்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், டிஸ்னிக்குப் போகக் காசில்லாமல் சீசன் பாஸ் எடுத்த குடும்பங்களுக்கும் அதே தூரத்தில், அதே செலவில் இன்னொரு பூங்கா கிடைப்பது கஷ்டம்.

அந்தப் பூங்காவில் 'வைல்ட் ஒன்' என்று ஒரு மர ரோலர் கோஸ்டர் இருந்தது. 1917-ல் மாசசூசெட்ஸில் 'பாராகன் பார்க்' என்ற கடற்கரைப் பூங்காவுக்காகக் கட்டியது. 1984-ல் அந்தப் பூங்கா மூடப்பட்டபோது ஏலத்தில் எடுத்து, பிரித்து மேரிலாண்டுக்குக் கொண்டுவந்து, 1986-ல் மறுபடியும் நிறுத்தினார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகப் பலகை மாற்றி மாற்றி ஓடிய ரைடு. நவம்பர் 2 அன்று இரவு வரை அதில் ஆட்கள் ஏறினார்கள். இந்த முறை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் கடைசி நாள் என்று.